மன்னார்குடி உரக்கடையில் கிளவுட் கணக்கு: குறுவை முதல் சம்பா அறுவடை வரை ஒரு மதிப்பீடு

மன்னார்குடியில் தலைமைக் கடையும், சற்றுத் தள்ளி ஒரு கிளையும், ஒரு கிடங்கும் கொண்ட உரம், பூச்சிமருந்துக் கடையொன்றுக்கு நான் வரிக் கணக்குப் பார்த்து வருகிறேன். மேட்டூர் அணை 2025 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, குறுவை வேலைகள் தொடங்கியிருந்த வேளையில், அந்தக் கடையின் கணக்குகளைக் கல்லாவுக்குப் பக்கத்துக் கணினியில் இருந்த பழைய மென்பொருளிலிருந்து கிளவுட் கணக்குச் சேவை ஒன்றுக்கு மாற்றினோம். இப்போது சம்பா அறுவடை முடிந்து, விவசாயிகளின் பாக்கி வசூலாகி வருகிறது. ஒரு முழுச் சாகுபடிச் சுற்றைப் பார்த்துவிட்ட நிலையில் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதில் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த வகைச் சேவைகள் அனைத்துக்கும் பொதுவானவை என்பதால், வாங்க நினைப்பவர்கள் எந்த நிறுவனத்தை அணுகினாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

சேவையின் அமைப்பு எளிமையானது. மென்பொருளும் கணக்கும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. கடையில் இணைய உலாவி உள்ள கணினி ஒன்றும் கைப்பேசியும் போதும். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். பில் போடுவது, கொள்முதல் பதிவது, இருப்பு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. அறிக்கைகள் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் நடக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவை நன்றாக இருக்கிறது. டெல்டாவில் உள்ள இத்தகைய கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை வாங்கும் சக்தியும் இயக்கும் திறமையும் உண்டு. ஆனால் பல கடைகளில் கணக்கு முதலாளியின் கையில் இல்லை. அது சரியாகும்வரை எந்தச் சேவையை வாங்கினாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

கிளவுட் என்றால் நம் பகுதிக் கடைக்காரர்கள் தயங்குவார்கள் என்ற எண்ணம் மென்பொருள் விற்க வருபவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அது சரியல்ல. மானிய உர விற்பனை 2018 முதல் நாடு முழுவதும், விற்பனையைக் கடையிலேயே பதியும் பி.ஓ.எஸ். கருவி வழியாகவே நடக்கிறது. விவசாயியின் ஆதாரைச் சரிபார்த்த பிறகே 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கைமாறுகிறது. அந்த விற்பனை உடனுக்குடன் மத்திய அரசின் சர்வரில் ஏறுகிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. கணக்கை இணையதளத்தில்தான் தாக்கல் செய்கிறோம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அனுப்பினால் சரக்குப் பயணத்துக்கான இணையச் சீட்டான இ-வே பில் எடுக்கிறோம். கல்லாவில் யு.பி.ஐ. அட்டை தொங்காத கடையே இல்லை. ஆக, தொலைவில் உள்ள ஒரு சர்வரை நம்பி வியாபாரம் செய்வது இந்தக் கடைகளுக்குப் பல ஆண்டுப் பழக்கம். அரசும் வங்கியும் கேட்ட கணக்கெல்லாம் எப்போதோ கிளவுடுக்குப் போய்விட்டது; முதலாளி தனக்காக வைத்துக்கொள்ளும் கணக்கு மட்டுமே இன்னும் ஒரு பழைய கணினியிலும், நீள நோட்டிலும் தங்கியிருக்கிறது.

மாறுவதில் சிரமம் எங்கே இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனையாளர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதல் சிக்கல் சரக்குப் பட்டியல். பழைய கணினியில் சரக்குகளின் பெயர்கள், ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. டெல்டாவின் பல கடைகளிலும் அச்சகங்களிலும் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை எக்செல் கோப்பாக எடுத்துப் புதிய சேவையில் ஏற்றியபோது, தமிழ்ப் பெயர்கள் அனைத்தும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டங்களாகத் தெரிந்தன. எங்கும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன என்றாலும், தமிழும் ஆங்கிலமும் எண்ணும் கலந்த பெயர்களை அவை குழப்பிவிடுகின்றன. கம்பெனிப் பெயர் ஆங்கிலத்தில், மருந்தின் பெயர் தமிழில், 250 மில்லி என்ற அளவு எண்ணில் என்று ஒரே வரியில் மூன்றும் கலந்திருந்தால், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அதோடு யூரியாவுக்கு 3102, கலப்பு உரங்களுக்கு 3105, பூச்சிமருந்துகளுக்கு 3808 என்று, வரிக்காகச் சரக்குகளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். குறியீடுகளையும் சரிபார்த்து இட வேண்டியிருந்தது. இந்த வேலையைக் கடையில் சரக்கை எடுத்துக் கொடுக்கும் பையன்தான் மிகச் சிறப்பாகச் செய்தார். எந்த மருந்து எந்த அலமாரியில், எந்தப் பெயரில் விவசாயிகளால் கேட்கப்படுகிறது என்பதைக் கணக்கரைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார். கிளவுடுக்கு மாற நினைக்கும் கடைக்காரர்கள் இந்த வேலைக்கு வெளியாளை அமர்த்தாமல், இப்படி ஒருவரை உட்கார வைப்பது நல்லது.

இரண்டாவது சிக்கல் வாடிக்கையாளர் கணக்கு. இங்குதான் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து மென்பொருள் எழுதுபவர்களுக்கும் நம் வயல்வெளிக்கும் உள்ள தூரம் தெரிகிறது. பழைய பேரேட்டில் ஒரே ஊரில் நான்கு ராஜேந்திரன்கள் இருந்தார்கள். வாய்க்கால்கரை ராஜேந்திரன், மேலத்தெரு ராஜேந்திரன் என்று அடையாளம் எழுதியிருந்தது. சேவையோ கைப்பேசி எண்ணைக் கொண்டுதான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிகிறது. தாயும் மகனும் ஒரே எண்ணைக் கொடுக்கிறார்கள். நிலம் தந்தை பெயரில், குத்தகை சித்தப்பா பெயரில், கடனுக்கு வாங்கிச் செல்பவர் மூன்றாமவர் என்று ஒரு குடும்பத்தின் கணக்கே பல கிளைகளாகப் பிரிகிறது. ஊர்ப் பெயரை முதலிலும் ஆள் பெயரைப் பின்னாலும் வைத்து, அதன்பின் அடைமொழியைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் பழைய பேரேட்டுப் பக்க எண்ணையே வாடிக்கையாளர் எண்ணாகக் கொடுத்தோம். இந்த ஒழுங்கு வந்த பிறகு, கிளைக் கடையில் நிற்கும் விவசாயிக்குத் தலைமைக் கடையில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது ஒரு நொடியில் தெரிகிறது. முன்பெல்லாம் இதற்காகத் தொலைபேசியில் கேட்டு, நோட்டைப் புரட்டி, சில வேளைகளில் தவறான ராஜேந்திரனின் பாக்கியைச் சொல்லி மனவருத்தம் வந்ததும் உண்டு.

கடன் தவணை இன்னும் நுட்பமான விஷயம். சேவையில் 15, 30, 45, 60 நாள் என்று தவணைகள் தயாராக வந்தன. ஆனால் நம் பகுதியில் ஐப்பசியில் மேலுரத்துக்கு வாங்கியவர், நெல்லை அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பிறகுதான் தருவார். அது தையிலோ மாசியிலோ நடக்கும். இதை அறியாத மென்பொருள், கார்த்திகை முடிவதற்குள்ளேயே பாதி வாடிக்கையாளர்களைத் தவணை தவறியவர்களாகச் சிவப்பில் காட்டியது. அவர்களுக்குத் தானாகவே நினைவூட்டுச் செய்தி அனுப்பும் வசதியும் இயல்பாகவே திறந்திருந்தது. தலைமுறையாக வாங்கும் விவசாயிக்கு, பயிர் பொதி கட்டி நிற்கும் நேரத்தில் தவணை தவறியதாக ஒரு குறுஞ்செய்தி போனால் அவர் மறுபடி அந்தக் கடை வாசலை மிதிப்பாரா? அந்த வசதியை உடனே மூடினோம். பிறகு குறுவைக்கும் சம்பாவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட தேதியில் முடியும் தவணைகளை நாமே உருவாக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தது. அதன்பின், எந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது என்று காட்டும் வயதுவாரிப் பாக்கி அறிக்கை உண்மையாகவே உதவியது. இந்த அமைப்பைச் சேவை நிறுவனம் தன் விளக்கப் பாடங்களில் எங்கும் சொல்லவில்லை. டெல்டாவில் உரக்கடைகளுக்குச் சேவை விற்க நினைக்கும் நிறுவனம், பயிர்ப் பருவத் தவணையை முதல் திரையிலேயே தர வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில், பில் போடும் வேகம் முதலில் ஏமாற்றமாக இருந்தது. பழைய மென்பொருளில் சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையிலேயே பில் முடியும். இதில் சுட்டியை நகர்த்தி, கட்டத்தைத் திறந்து, தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. குறுக்கு விசைகளைப் பழகிய பிறகு வித்தியாசம் பெரிதாக இல்லை என்றாலும், காலையில் கூட்டம் மொய்க்கும் நேரத்தில் பழைய வேகம் இன்னும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று அங்குலத் தெர்மல் பிரிண்டரில் சரக்கின் பெயர் தமிழில் தெளிவாக வருகிறது. இது விவசாயிகளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பூச்சிமருந்துக்குத் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) காலாவதித் தேதியும் பில்லில் வருகின்றன. ஆனால் இந்த வசதி அடிப்படைச் சந்தாவில் இல்லை, அதற்கு அடுத்த நிலையில்தான் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கிய கடைக்கு அது ஆடம்பர வசதி அல்ல. ஆகவே, விலையை ஒப்பிடும்போது உரக்கடைக்காரர்கள் அடிப்படைச் சந்தாவின் விலையைப் பார்க்கவே கூடாது.

பெரிய குறை ஒன்று உண்டு. மானிய உரத்துக்கான பி.ஓ.எஸ். கருவிக்கும் எங்கள் சேவைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனவே ஒரே மூட்டையை அதில் ஒருமுறையும் இதில் ஒருமுறையும் பதிய வேண்டியிருக்கிறது. இரண்டிலும் இருப்பு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு நாள் மாலையிலும் பார்க்கிறோம். ஆய்வுக்கு வரும் அதிகாரி கருவியின் இருப்பையும் கிடங்கின் இருப்பையும்தான் ஒப்பிடுவார் என்பதால், இந்த மாலை வேலையைத் தவிர்க்க வழியில்லை.

இணையமும் மின்சாரமும் பற்றி எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கணக்குச் சேவைக்குத் தேவைப்படும் இணைய அளவு மிகக் குறைவு. கைப்பேசியில் படம் பார்ப்பதற்கு ஆகும் அளவில் ஒரு சிறு பங்குதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், கடையில் இன்வெர்ட்டர் இருப்பதால் கணினியும் மோடமும் ஓடுகின்றன. ஆனால் தெருமுனையில் உள்ள கேபிள்காரரின் இணைப்புப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாததால் ஃபைபர் இணைப்பு செத்துவிடுகிறது. அப்போது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கிறது. அதற்காக, ஃபைபர் இணைப்பு எந்த நிறுவனத்துடையதோ அதுவல்லாத வேறொரு நிறுவனத்தின் சிம் வைத்துக்கொள்வது அவசியம். இரண்டும் இல்லாத நேரங்களும் வடகிழக்குப் பருவமழையின்போது வந்தன. எங்கள் சேவை இணையம் இல்லாமல் பில் போடாது. அதற்காக, தனி வரிசை எண் கொண்ட கைப் பில் புத்தகம் ஒன்றை அச்சடித்து வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசைகளை அனுமதிக்கிறது; எனவே கையால் எழுதிய பில்களை அதே எண்ணில் பிறகு சேவையில் ஏற்றிவிடலாம். இது தெரியாமல், இணையம் போனால் வியாபாரமே நின்றுவிடும் என்று அஞ்சிப் பல கடைக்காரர்கள் பின்வாங்குகிறார்கள்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். டெல்டாவில் சிறு கடைகளின் கணக்கு பொதுவாக மூன்று இடங்களில் கிடக்கிறது: முதலாளியின் நினைவில் கொஞ்சம், கடை நோட்டில் கொஞ்சம், மீதி முழுவதும் பகுதிநேரக் கணக்கரின் கணினியில். மாதந்தோறும் பில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கணக்கரிடம் கொடுப்பார்கள். அவர் தன்னிடமுள்ள மென்பொருளில் பதிந்து, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து, கட்ட வேண்டிய தொகையைச் சொல்வார். தன் கடையின் கடந்த ஆண்டு ஐந்தொகையைத் தானே திறந்து பார்த்த முதலாளிகள் மிகக் குறைவு. வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. கணக்கர் ஊர் மாறினாலோ, உடல் நலம் குன்றினாலோ, இருவருக்கும் மனத்தாங்கல் வந்தாலோ, பல ஆண்டுக் கணக்கை மீட்க அலைகிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது, கணக்கருடையது அல்ல.

இப்படி இருக்கும் கடையைக் கிளவுடுக்கு மாற்றும்போது, பெரும்பாலும் நடப்பது இதுதான்: சேவையில் கணக்குத் தொடங்குவதற்கு ஒரு மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் கேட்பார்கள், முதலாளியிடம் மின்னஞ்சல் இல்லை என்பதால் கணக்கரோ, மென்பொருளை விற்ற முகவரோ தன் மின்னஞ்சலையே கொடுத்துவிடுவார். அந்த நொடியிலேயே கடையின் கணக்குக்கு வேறொருவர் உரிமையாளர் ஆகிவிடுகிறார். பழைய நாளில் கணினியையாவது தூக்கி வரலாம். இதில் அதுவும் முடியாது. ஆகவே, எங்கள் கடையில் முதல் வேலையாக முதலாளியின் பெயரில், அவருடைய கைப்பேசி எண்ணுடன் இணைந்த மின்னஞ்சலைத் தொடங்கினோம். சந்தாவை அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து கட்டினோம். உரிமையாளர் என்ற நிலை அவருக்கு மட்டும். எனக்குக் கணக்கர் என்ற நிலை. கிளையில் உள்ளவருக்குப் பில் போடவும் இருப்புப் பார்க்கவும் மட்டும் அனுமதி. புதிய கருவியில் யார் நுழைந்தாலும் ஓ.டி.பி. அவரவர் எண்ணுக்கு வரும்படி செய்தோம். வரிக் கணக்குப் பார்ப்பவர்களே இதை வற்புறுத்த வேண்டும் என்று என் தொழில் நண்பர்களுக்கு உரிமையோடு சொல்வேன். வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போய்விடுவார் என்று அஞ்சி அவருடைய கணக்கைக் கையில் பிடித்து வைத்துக்கொள்வது நம் தொழிலுக்கு அழகல்ல.

இதன் பலன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். முதலாளி இப்போது இரவில் கைப்பேசியில் அன்றைய விற்பனையையும் வசூலையும் பார்க்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், மாத முடிவில் கிளையின் லாபத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கிறார். அவருக்குப் பார்க்க மட்டுமே அனுமதி கொடுத்திருக்கிறோம். ஒருமுறை, கிளையில் முந்தைய நாள் பில் ஒன்று திருத்தப்பட்டிருந்ததை முதலாளியே கண்டுபிடித்து, “இது ஏன் மாறியிருக்கிறது, தம்பி?” என்று கேட்டார். மூட்டை எண்ணிக்கை தவறாகப் பதிந்ததைச் சரிசெய்ததாகக் கிளைக்காரர் சொன்னார். கிடங்கு இருப்பும் அதையே காட்டியது. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருந்ததால் இருவருக்கும் இடையே சந்தேகம் வர இடமே இல்லை. கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள் இத்தகைய தடம் கொண்ட கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனி உரிமையாளர் கடைகளுக்கும் கூட்டு வியாபாரங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், இரண்டாவது கடை வைத்திருக்கும் எவருக்கும் இது பெரிய துணை.

வரி வேலையில் சேவை எனக்கு உண்மையான நிம்மதியைத் தந்திருக்கிறது. மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை அறிக்கையும், 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டுவதற்கான 3பி படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டிய கடைக்கு, விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டி 14-ஆம் தேதி வெளிவரும் 2பி அறிக்கையோடு கொள்முதலை ஒப்பிட வெகு சில நாள்களே கிடைக்கும். பில்கள் அன்றன்றே பதியப்படுவதால், எந்தக் கம்பெனி தன் பில்லை ஏற்றவில்லை என்பதை என் அலுவலகத்தில் இருந்தபடியே பார்த்துக் கடைக்குச் சொல்ல முடிகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறியபோது, குறிப்பிட்ட நுண்ணூட்டச் சத்துகளுக்கும் உயிரிப் பூச்சிக்கொல்லிகளுக்கும் 12 சதவீதம் 5 சதவீதமாகக் குறைந்தது. ரசாயனப் பூச்சிமருந்துகளுக்கு 18 சதவீதமே நீடித்தது. விகிதங்களைப் பல சரக்குகளுக்கு ஒரே நேரத்தில் மாற்றும் திரையைச் சேவை அன்றே தயாராக வைத்திருந்தது. ஆனால் எங்கள் அலமாரியில் உள்ள எந்தப் பாட்டில் விகித மாற்றத்தை வெளியிட்ட அரசு அறிவிக்கையின் பட்டியலில் அடங்கும் என்பதை அது எப்படி அறியும்? லேபிளைப் படித்து நாங்கள்தான் பிரித்தோம். பழைய மென்பொருளில் இதற்குப் புதுப்பிப்பை இறக்கி, இரண்டு கடைகளிலும் தனித்தனியாக நிறுவ வேண்டியிருந்திருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி நாகப்பட்டினம், திருவாரூர்ப் பகுதியில் பேசும்போது கஜா புயலைத் தவிர்க்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, கூரை பறந்த கடைகளில் பேரேடும் கணினியும் ஒன்றாகவே நனைந்தன. கணக்கு அன்று கிளவுடில் இருந்திருந்தாலும் அந்த நாள்களில் பில் போட்டிருக்க முடியாது. மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்திருந்தன. ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகு, யார் எவ்வளவு தர வேண்டும், காப்பீட்டுக்கு எவ்வளவு சரக்கு இருப்பு காட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை பத்திரமாக இருந்திருக்கும். அதே நேரத்தில், தொலைவில் இருப்பதாலேயே சர்வர் அழியாது என்று நம்பிவிடக் கூடாது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஒரு தரவு மையம் எரிந்து, தனியாக நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தங்கள் கோப்புகளை இழந்தார்கள். தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று நிகழ்ந்த தீ விபத்தில், அரசு ஊழியர்கள் பயன்படுத்திய கிளவுட் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் கோப்புகள் நகல் இல்லாமல் போயின. அரசுக்கே அந்த நிலை என்றால் ஓர் உரக்கடை என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு மாத முடிவிலும் விற்பனை, கொள்முதல், பாக்கிப் பட்டியல், இருப்பு ஆகிய நான்கையும் எக்செல் கோப்பாக இறக்கி, முதலாளி வீட்டுப் பீரோவில் ஒரு பென் டிரைவிலும் என் அலுவலகத்திலும் வைக்கிறோம். வீட்டுக்கு ஒரு குதிர் நெல் ஒதுக்கி வைப்பது போன்ற வேலைதான் இது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு வழியும் சந்தையில் இருக்கிறது. பழகிய டாலி மென்பொருளையே வாடகைச் சர்வரில் ஏற்றி, கடையிலிருந்து அந்தத் திரையைப் பார்த்து வேலை செய்வது. விசைப்பலகைப் பழக்கம் மாறாது என்பதால் கணக்கர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் திரை இழுக்கிறது. கடையின் பிரிண்டரோடு அது அடிக்கடி ஒத்துழைப்பதில்லை. அதைவிட முக்கியமாக, இடையில் ஒரு முகவர் வருகிறார். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த பித்தளைப் பாத்திர வியாபாரி ஒருவர் தவறாமல் பணம் கட்டியும், முகவர் சர்வர் வாடகையைக் கட்டத் தவறியதால், தாக்கல் நெருங்கிய வாரத்தில் தன் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார். சர்வர் எந்த ஊரில், யார் பெயரில் இருக்கிறது, நகல் யாரிடம் இருக்கிறது என்பதை எழுதித் தராத முகவரிடம் இந்தச் சேவையை வாங்காதீர்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொகுதி எண் வசதியுடன் நாங்கள் கட்டும் ஆண்டுச் சந்தா கடைப் பையனின் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. அதன்மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதால் அவர்கள் முழுத் தொகையையும் செலவாகவே பார்க்க வேண்டும்.

மற்ற தொழில்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு, என் அனுபவத்தில் அரிசி ஆலைகளும் மொத்த அரிசி வியாபாரிகளும் உடனே மாறலாம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத வரியும், 26 கிலோ மூட்டைக்கு வரி இல்லாமலும் இருப்பதால், ஒரே அரிசியை இரண்டு சரக்காகப் பிரித்துக் கணக்கு வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு உண்டு. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் 1 முதல் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் இ-இன்வாய்ஸ் கடமையும் வந்துவிட்டது. வரி உள்ள சரக்குக்கு அதைச் சேவைக்குள்ளிருந்தே எடுக்கலாம். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகளுக்கும், சுவாமிமலைச் சிற்பக் கூடங்களுக்கும் இதே அவசரம் இல்லை. எடை, கூலி, சேதாரம், முன்பணம் என்று நகரும் அவர்களுடைய கணக்கை இந்தச் சேவைகள் இன்னும் சரியாக உள்வாங்கவில்லை. பில்லும் பாக்கியும் பார்க்க ஓர் எளிய கைப்பேசிச் செயலி அவர்களுக்கு இப்போதைக்குப் போதும். ஒரே ஆள் கல்லாவில் உட்கார்ந்து, ரொக்கத்துக்கு மட்டும் விற்கும் கடைக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வாடிக்கையாளர் உதவி தமிழில் கிடைக்கிறது. பேசுபவர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள். வார நாள்களில் மட்டும் கிடைக்கிறது என்பது குறை, ஏனெனில் நடவுக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குக் கூட்டம் அதிகம். திரையின் தமிழாக்கம் பாதிதான் வந்திருக்கிறது. பில் தமிழில் வரும்போது அறிக்கைகள் ஆங்கிலத்தில் நிற்பதால், முதலாளி சில தலைப்புகளை என்னிடம் கேட்டுத்தான் புரிந்துகொள்கிறார். சந்தா காலாவதியானால் கணக்கு என்னாகும் என்று வாங்கும் முன்பே கேட்டோம். பதிவு செய்ய முடியாது, ஆனால் 90 நாள்கள் வரை பார்க்கவும் இறக்கவும் முடியும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி, அதை அச்செடுத்துக் கடை உரிமங்களோடு கோப்பில் வைத்திருக்கிறோம். இந்த மாதம் சந்தாவைப் புதுப்பித்தபோது கிடங்குக்கும் ஒரு பயனரைச் சேர்த்தோம். சரக்கு லாரி வந்து இறங்கும் இடத்திலேயே இனி கொள்முதல் பதிவாகும்.